வாழ்க்கை நெருக்கடிக்காகப் பயிற்சித் திட்டத்தைக் குறைப்பது சரியா?

பாரம்தூக்கி:
வேலை நெருக்கடி, வீட்டுப் பிரச்சினை என்று காரணம் காட்டி, எடைப்பயிற்சித் திட்டத்தில் உள்ள செட்டுகளை (இடையில் ஓய்வின்றித் தொடர்ந்து செய்யும் தூக்கல்களின் தொகுப்புகளை) குறைத்துக்கொள்ளும் பழக்கம் பரவிவருகிறது. என் கருத்தில், மன அழுத்தம் தசையை நேரடியாக ஒன்றும் செய்வதில்லை. அழுத்தத்தில் இருப்பவர் சரியாக உண்பதில்லை, உறங்குவதில்லை, பாதி நாள்கள் பயிற்சிக்கே வருவதில்லை. முன்னேற்றம் நிற்பது இவற்றால்தான். இவை மூன்றையும் ஒழுங்காக வைத்திருப்பவர் செட்டுகளைக் குறைக்க எந்தக் காரணமும் இல்லை.

நிதானன்:
நீங்கள் சொல்லும் மூன்றும் உண்மை, ஆனால் விஷயம் அவற்றோடு முடிந்துவிடவில்லை. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எடைப்பயிற்சி செய்துவந்த 31 கல்லூரி மாணவர்களை லெக் பிரஸ்ஸில் (கால்களால் எடையைத் தள்ளும் பயிற்சியில்) கடுமையாக உழைக்கவிட்டு, அவர்களது தசைவிசை பழைய நிலைக்குத் திரும்புவதை 96 மணி நேரம் வரை அளந்தார்கள். நீடித்த மன அழுத்தம் கூடுதலாக இருந்தவர்களுக்கு விசையும் தெம்பும் மெதுவாகவே திரும்பின. எல்லோரும் ஒரே பயிற்சியைச் செய்து முடித்த பிறகு அளந்தது என்பதால், 'பயிற்சிக்கே வரவில்லை' என்ற வாதம் இங்கே செல்லாது. அதற்கு முன் 2008இல் வெளியான 12 வார ஆய்விலும், வாழ்க்கை நெருக்கடி குறைவாக இருந்த மாணவர்களே ஸ்குவாட்டிலும் (எடையைச் சுமந்து உட்கார்ந்து எழுவது) பெஞ்ச் பிரஸ்ஸிலும் (படுத்தபடி எடையை மேலே தள்ளுவது) அதிகம் முன்னேறியிருந்தார்கள்.

தசையை விடுங்கள், தோலுக்கும் இதே கதைதான். மறதிநோயுள்ள உறவினரைப் பராமரித்துவந்த பெண்களுக்கு, 3.5 மில்லிமீட்டர் அளவிலான சிறு தோல் காயம் ஆற மற்றவர்களைவிடச் சுமார் 9 நாள் கூடுதலாகப் பிடித்தது என்று 1995இலேயே காட்டியிருக்கிறார்கள்.

பாரம்தூக்கி:
அந்த 12 வார ஆய்வில் நெருக்கடியை யாரும் சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக் கொடுக்கவில்லை. நெருக்கடியில் இருந்த மாணவர் எப்படி உறங்கினார் என்பது தெரியாமல், குற்றத்தை மனத்தின் மீது சுமத்த முடியாது. உறக்கத்துக்கு என்ன வலிமை இருக்கிறது என்பதற்கு நேரடிச் சோதனையே உண்டு: 2021இல் வெளியான ஆய்வில், ஓர் இரவு முழுவதும் விழித்திருக்கவைத்த 13 இளையோருக்குத் தசைப்புரத உருவாக்கம் 18 விழுக்காடு குறைந்தது. பலருக்கு நெருக்கடியான காலத்தில் மனத்துக்கு ஆறுதல் தருவதே இந்தப் பயிற்சிதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதையும் குறைத்துக்கொள் என்று சொல்வது எந்த வகையில் உதவி?

புதுவரவு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மன அழுத்தத்தின்போது கூடுதலாகச் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோன் தசையைக் கரைத்துவிடும் என்கிறார்களே, அதைக் குறைப்பதாக விற்கும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டால் போதாதா?

நிதானன்:
கார்டிசோல் நீண்ட காலம் மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயில், தொடைத் தசை மெலிந்து, நாற்காலியிலிருந்து எழுவதே சிரமமாகிவிடும். அந்த அளவு வேறு, அலுவலகக் கவலையால் கூடும் அளவு வேறு. கனமான ஸ்குவாட் நாளிலும் அது சற்று நேரம் ஏறத்தான் செய்யும், அதனால் யாருடைய தசையும் கரைந்துவிடுவதில்லை. மாத்திரையை விட்டுவிடுங்கள்.

பாரம்தூக்கிக்கு: அழுத்தம் உறக்கத்தைக் கெடுத்து, அதன் வழியாகத் தசையைப் பாதித்தாலும், பயிற்சி செய்பவருக்கு விளைவு ஒன்றுதானே? 'நன்றாக உறங்குங்கள்' என்று, கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருப்பவரிடம் சொல்லிப் பயனில்லை. நான் பயிற்சியை நிறுத்தச் சொல்லவும் இல்லை. எடையை அப்படியே வைத்துக்கொண்டு செட்டுகளை மட்டும் குறைக்கலாம். 2011இல் வந்த ஆய்வொன்றில், 16 வாரம் பயிற்சி செய்த இளையோர், அடுத்த 32 வாரமும் பழைய அளவில் ஒன்பதில் ஒரு பங்கை மட்டும், வாரம் ஒரு நாள் செய்து, சேர்த்த தசையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்குத் தசை அளவைக் காக்க அது போதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாரம்தூக்கி:
குறைக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். எப்போது என்று யார் தீர்மானிப்பது? மனநிலையைக் கேட்டால் அது எப்போதும் 'இன்று வேண்டாம்' என்றுதான் சொல்லும். எடை மாட்டிய கம்பியைக் கேளுங்கள். வழக்கமாக விரைந்து மேலேறும் கடைசி வார்ம்-அப் செட் (முக்கியப் பயிற்சிக்கு முன் உடலைத் தயார்படுத்தும் செட்), பாதி உயரத்தில் தயங்கி, முழங்கால்கள் உள்நோக்கிச் சாய்ந்தால், அன்று ஒரு செட்டைக் குறைத்துக்கொள்வதை நான் ஏற்கிறேன். சோர்ந்த மனத்தோடு வந்தும் கம்பி வழக்கம்போல ஏறினால், எழுதியிருப்பதை முழுவதும் செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நிதானன்:
அன்றைய நாளுக்கு உங்கள் அளவுகோல் பொருந்தும், ஆனால் அது பின்தங்கியே செய்தி சொல்லும். கம்பி தயங்கும்போது, முந்தைய நாள்களின் பயிற்சியிலிருந்து உடல் இன்னும் மீளவில்லை என்று பொருள். தேர்வு வாரமோ, வீடு மாற்றுவதோ, உறவினருக்கு அறுவை சிகிச்சையோ வரப்போவது பலருக்கு முன்கூட்டியே தெரியும். அந்த வாரத்துக்கான டீலோடை (பயிற்சியின் அளவைத் தற்காலிகமாகக் குறைப்பதை) இப்போதே அட்டவணையில் எழுதிவைப்பதை மனநிலைக்குப் பணிவது என்று எப்படிச் சொல்வீர்கள்?

பாரம்தூக்கி:
தேதி போட்டு எழுதிய டீலோடை நான் குறை சொல்லமாட்டேன். உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கும் டீலோடைத்தான் நம்பமாட்டேன். அதற்கு எந்த ஆய்வைக் காட்டினாலும் சரி.