விசிறிச் சத்தம் இல்லாமல் பாட்டு கேட்க யோசனை தேவை

வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூர் தோ பாயோவில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. வீணை, வாய்ப்பாட்டுக் கச்சேரிகளை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய ஒலி) கோப்புகளாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்போது கணினியில்தான் கேட்கிறேன். அதன் விசிறி இரைச்சல் தம்புராவையே மூடிவிடுகிறது. ஆலாபனையில் ஒரு ராகப் பிடிக்கும் அடுத்த பிடிக்கும் நடுவே வரும் அந்த அமைதிக்காகத்தானே இவ்வளவு நல்ல பதிவுகளைத் தேடி வாங்குவது!

அலுமினியப் பெட்டிக்குள் விசிறியில்லாத ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி, கோப்புகளுக்கு ஒரு எஸ்எஸ்டி, யுஎஸ்பி வழியாகத் தனி டாக் (டிஜிட்டல் ஒலியை அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி) என்று யோசிக்கிறேன். 24/96 ஸ்டீரியோவைச் சுருக்காமல் அனுப்பினாலும் நொடிக்குச் சுமார் 4.6 மெகாபிட்தான், ராஸ்பெர்ரி பைக்கு அது பெரிய வேலையில்லை. ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில், ஏர்கான் போடாத ஹாலில், டிவி அலமாரிக்குள் வைத்தால் சூடு தாங்குமா? அப்படி வைத்திருப்பவர்கள் அவசியம் சொல்லுங்கள்.

அப்புறம் ஒலிபெருக்கி. அம்மா அடுத்த அறையில் சீக்கிரம் தூங்கிவிடுவார். குறைந்த சத்தத்திலும் மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கக் கனத்த நாதம்) தெளிவாகக் கேட்க வேண்டும். சின்ன ஒலிபெருக்கி ஜோடியா, நல்ல ஹெட்ஃபோனா? டாக்கோடு சேர்த்து 800 வெள்ளி வரை செலவழிக்கலாம். இந்த வாரக் கடைசியில் அடெல்ஃபி கட்டடத்து ஆடியோ கடைகளுக்குப் போகிறேன். எந்த மாடல்களைக் கேட்டுப் பார்க்கலாம்?