புதுப்பிப்பு: நியூ ஜெர்சியில் அக்காவுக்கு டிபிஇ சான்றிதழ் கிடைத்துவிட்டது

அரசுப் போக்குவரத்து ஒப்பந்தங்களில் பங்கேற்க, அக்காவின் துப்புரவு நிறுவனத்துக்கு டிபிஇ (DBE: சமூக, பொருளாதார ரீதியில் பின்தங்கியோரின் சிறு நிறுவனம்) சான்றிதழ் பெறுவது எப்படி என்று இங்கே கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது. வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, "தன்விளக்கக் கடிதத்தை (நாம் பட்ட இடர்களை நாமே விவரிக்கும் கடிதம்) முதலில் எழுதுங்கள்" என்ற யோசனைதான். 2025 அக்டோபர் 3 முதல் பெண் என்பதோ சிறுபான்மை இனத்தவர் என்பதோ தானாகத் தகுதி தருவதில்லை. பட்ட இடர்களை ஒவ்வொருவரும் சம்பவம் சம்பவமாக, ஆதாரத்தோடு நிறுவ வேண்டும். வங்கிகள் கடன் மறுத்த கடிதங்களை அக்கா பத்திரப்படுத்தியிருந்தது பெரும் துணை.

எதிர்பாராத நல்ல செய்தி: உரிமையாளரின் நிகர சொத்து 20,47,000 டாலரைத் தாண்டக் கூடாது; அதைக் கணக்கிடும்போது குடியிருக்கும் வீட்டில் நமக்குள்ள பங்கும் ஓய்வுக்காலச் சேமிப்பும் சேர்வதில்லை. கள ஆய்வு காணொளியிலேயே முடிந்தது. விண்ணப்பிப்பவருக்கு நிறுவனத்தில் 51 சதவீத உரிமை இருந்தால் மட்டும் போதாது. முடிவெடுப்பவரும் அவரே என்று காட்ட வேண்டும். அதிகாரி துருவித் துருவிக் கேட்டது இதைத்தான்.