300 பிளாக்அவுட் ஏ.ஆர்-15: சப்சானிக் தோட்டாவில் மாட்டுகிறது, தெர்மல் ஸ்கோப்பும் நகர்கிறது (டெக்சஸ், பன்றி வேட்டை)

கேள்வி: மெஸ்கீட் புதர் (இங்கே பெயர்களெல்லாம் மன்றத்துப் புனைபெயர்கள்)

துப்பாக்கி 300 பிளாக்அவுட் தோட்டா சுடும் ஏ.ஆர்-15 ரைஃபிள்: 16 அங்குல பேரல், கார்பைன் நீளக் கேஸ் குழாய் (சுடும்போது வரும் வாயுவைப் பின்னால் கொண்டுபோய் அடுத்த தோட்டாவை ஏற்ற வைப்பது), எச் பஃபர் (பின்னால் வரும் விசையைத் தாங்கும் எடை), மேலே தெர்மல் (உடல் வெப்பத்தைக் காட்டும் இரவு ஸ்கோப்). சைலன்சர் கிடையாது. நண்பரின் பண்ணையில் சோளம் தூவும் ஃபீடரிலிருந்து 60–90 யார்டு, எல்லாம் இரவில்தான்.

1. 110 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) சூப்பர்சானிக், அதாவது ஒலியைவிட வேகமான தோட்டா, தடையில்லாமல் ஓடுகிறது. ஒலியைவிட மெதுவான 220 கிரெய்ன் சப்சானிக் போட்டால் காலித் தோட்டா உறை வாயிலேயே சிக்குகிறது. வெளியே விழுந்தாலும் அடுத்த தோட்டா ஏறுவதில்லை.
2. பண்ணை வண்டியில் ஒரு சுற்று போய் வந்தால் 100 யார்டில் குண்டு 3 அங்குலம் இடப்பக்கம் போகிறது.
3. மானுக்கு வைப்பதுபோல் தோளுக்குப் பின்னால் குறி வைத்தும் பன்றி ஓடிவிடுகிறது.

நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். தனியார் நிலத்தில் பன்றிக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்கள். சரிதானா?

பதில்: கேஸ் பிளாக்

முதல் சிக்கலில் துப்பாக்கி மேல் பழி இல்லை. சப்சானிக்கில் மருந்து குறைவு. பேரலில் கேஸ் வெளியேறும் கார்பைன் நீளத் துளையைக் குண்டு தாண்டும் நேரத்துக்குள் அழுத்தம் விழுந்துவிடும், போல்ட் (தோட்டாவை அறையில் பூட்டும் உலோகத் துண்டு) முழுதாகப் பின்னால் போகாது. சைலன்சர் இல்லாமல் சப்சானிக் ஓட வேண்டுமென்றால் இன்னும் குட்டையான பிஸ்டல் நீளக் கேஸ் குழாய் உள்ள பேரல்தான் வழி. அதிலும் சில துப்பாக்கிகள் சைலன்சர் கேட்கும்.

துளையைப் பெரிதாக்கச் சொல்பவர்கள் வருவார்கள், செய்யாதீர்கள். பிறகு சூப்பர்சானிக் போடும்போது போல்ட் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடும். தோட்டா உறையின் விளிம்பு கிழியும், எக்ஸ்ட்ராக்டர் (காலி உறையை இழுத்தெடுக்கும் கொக்கி) சீக்கிரம் போய்விடும்.

என் கருத்து: சப்சானிக்கை விட்டுவிடுங்கள். 220 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,020 அடியில் போனால் முனையில் ஏறத்தாழ 500 அடி-பவுண்டு. 110 கிரெய்ன் 2,350 அடியில் போனால் 1,350. சைலன்சரும் இல்லாமல் அந்தப் பாதிக்கும் குறைவான சக்தியை எதற்குச் சுமக்க வேண்டும்? தவிர, சூப்பர்சானிக்குக்கு 100 யார்டில் ஜீரோ வைத்த (குறியும் குண்டு படும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்த) ஸ்கோப்பில் சப்சானிக் ஓர் அடிக்கு மேல் கீழே அடிக்கும். இருட்டில் எந்த மேகசினில் எது இருக்கிறது என்று குழம்பினால் பன்றி காயத்தோடு போய்விடும்.

சூப்பர்சானிக்கிலும் பிற்பாடு தகராறு வந்தால்: மேகசினில் ஒரே ஒரு தோட்டா போட்டுச் சுடுங்கள், போல்ட் பின்னால் நின்று பூட்ட வேண்டும். பூட்டவில்லையென்றால் துப்பாக்கியைக் காலி செய்து, அறையை விரல் விட்டும் சரிபார்த்து, போல்ட்டைச் சுமக்கும் கேரியரை வெளியே எடுங்கள். போல்ட்டை முன்னால் இழுத்துவிட்டு, போல்ட் முகம் கீழே இருக்க மேசைமேல் நிற்க வையுங்கள். கேரியர் தன் எடையிலேயே கீழே இறங்கினால் கேஸ் வளையங்கள் மூன்றும் தேய்ந்துவிட்டன. அடுத்து கேரியர் கீயின் (கேரியர்மேல் கேஸை வாங்கும் சிறு குழாய்) இரண்டு திருகுகள் தளர்ந்திருக்கிறதா, கேஸைக் குழாய்க்குத் திருப்பும் கேஸ் பிளாக் பேரல் துளைக்கு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பஃபரைத் தொடுவது கடைசியில்.

பதில்: ஓக் மேடு

ஸ்கோப்பைக் குறை சொல்வதற்கு முன் அதைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் மவுன்ட்டைப் பாருங்கள். மவுன்ட் முழுதும் அப்பர் ரிசீவர் (துப்பாக்கியின் மேலுடல்) ரெயிலில்தான் உட்கார வேண்டும். ஒரு கால் ரிசீவரிலும் இன்னொரு கால் ஹேண்ட்கார்டிலும் (பேரலைச் சுற்றிய கைப்பிடி உறை) இருந்தால், வண்டிக் கம்பியில் சாய்க்கும்போது ஹேண்ட்கார்ட் வளைந்து ஸ்கோப்பையும் இழுக்கும். இடப்பக்கம் போவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

மவுன்ட்டைக் கழற்றி, ரெயிலையும் திருகுகளையும் எண்ணெய் போகத் துடையுங்கள். திரும்ப வைக்கும்போது பேரல் பக்கமாக முன்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். அளவு மவுன்ட் கையேட்டில் இருக்கும். குறுக்கு நட்டுக்குப் பல மவுன்ட்களில் 65 அங்குல-பவுண்டு, வளையத் திருகுக்கு 15–18. டார்க் ரெஞ்சு இல்லாமல் கை அளவில் இறுக்க வேண்டாம். நட்டின்மேல் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டால் அசைந்ததா என்று ஒரு பார்வையில் தெரியும்.

ஜீரோ வைக்க அட்டையின் நடுவில் சிறிய ஹேண்ட் வார்மர் (கையைச் சூடாக்கும் பொட்டலம்) ஒட்டுங்கள், தெர்மலில் பளிச்சென்று தெரியும். முதலில் 25 யார்டில் தாளில் விழ வைத்து, பிறகு 100-ல் முடியுங்கள். தெர்மல் பேரலுக்கு மேலே இரண்டரை மூன்று அங்குலம் உயர்ந்து நிற்பதால், மிகக் கிட்டத்தில் குறிக்குக் கீழே அடிக்கும். 20 யார்டில் காதுக்குக் குறி வைப்பவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி. பன்றியின் இதயம் மானைவிட முன்னாலும் கீழேயும் இருக்கிறது. தோளுக்குப் பின்னால் வைத்தால் குண்டு குடல் பக்கம் போகும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் கோட்டிலேயே மேலே வந்து, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள். பெரிய ஆண் பன்றிக்குத் தோள்மேல் தடித்த குருத்தெலும்புக் கவசம் உண்டு. அதனால் உடையாத செம்புக் குண்டு நல்லது.

தெர்மலில் கன்றுக்குட்டியும் வெள்ளையாகத்தான் தெரியும். பின்னால் மண்மேடு எங்கே, வீடு எங்கே என்று பகலிலேயே நடந்து பார்த்துவிடுங்கள்.

பதில்: பிரசோஸ் கரை

விசா விஷயத்தை யாரும் தொடவில்லை, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. 2019 செப்டம்பர் 1 முதல் டெக்சஸில் உரிமையாளர் சம்மதத்தோடு தனியார் நிலத்தில் காட்டுப்பன்றி சுட லைசென்ஸ் தேவையில்லை என்பது உண்மை. அது மாநிலச் சட்டம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் வந்தவர் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. நடைமுறையில் உங்களுக்கு உதவும் விலக்கு, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ். நண்பரின் துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் இதே கதைதான். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.

ஆகவே உடனே லைசென்ஸ் எடுங்கள். வழக்கமான லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ல் முடிந்துவிடும். செப்டம்பரில் புதுப்பிக்க மறந்தால் வீட்டில் பூட்டி வைத்திருப்பதே குற்றமாகிவிடும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஹண்டர் எஜுகேஷன் என்ற வேட்டைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். குடியேற்ற வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

மெஸ்கீட் புதர்

நன்றி. மவுன்ட்டின் முன்கால் ஹேண்ட்கார்டில்தான் இருக்கிறது. இன்னொன்று: நண்பர் 5.56 காலிபர் துப்பாக்கி கொண்டு வருகிறார், அவர் மேகசின்களையே நானும் பயன்படுத்தலாமா?

பதில்: கேஸ் பிளாக்

பொருந்தும், ஓடவும் செய்யும். ஆபத்தும் அதில்தான். 300 பிளாக்அவுட் தோட்டா சில வேளை 5.56 அறையில் ஏறிப் பூட்டிக்கொள்ளும். .308 அங்குல விட்டமுள்ள குண்டு, .224 அங்குலக் குண்டுக்கான 5.56 பேரலுக்குள் போக வழியில்லை, துப்பாக்கி வெடிக்கும். உங்கள் மேகசின்களுக்கு இருட்டில் கைக்குத் தட்டுப்படும்படி தடித்த ரப்பர் பட்டை போடுங்கள், தனிப் பையில் வையுங்கள். முடிந்தால் அன்றிரவு இருவரும் ஒரே காலிபரில் போங்கள்.