டயாலிசிஸ் போகும் அப்பா பேச்சையே விட்டுவிட்டார், போன் வழியாக ஏதாவது செய்யலாமா?

மன்னார்குடி மகள்:
அப்பாவுக்கு 61 வயது. ஒன்றரை வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் தஞ்சாவூர் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். அம்மாதான் கூடப் போகிறார். நான் திருப்பூரில் வேலையில் இருக்கிறேன். கொஞ்ச நாளாக ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறாராம். நான் போன் பண்ணி "சாப்பிட்டீங்களாப்பா" என்றால் "ம்", அவ்வளவுதான். வழக்கமாக மேட்டூர் அணையைத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினாலே அணையில் தண்ணீர் எத்தனை அடி, வாய்க்கால் தூர் வாரியாச்சா என்று ஊரையே கேட்டுத் துளைப்பவர். இந்த வருடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மனசுக்கென்று ஒரு ஆப் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் ஆங்கிலம். இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று ஐந்து பொம்மை முகங்கள். மூன்றாம் நாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

வலங்கைமான்காரன்:
தங்கச்சி, நானும் ஆறு வருடமாக மெஷினில் கிடப்பவன்தான். ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது, ஃபேனையே பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரம் தூக்கத்தில் போய்விடும். மூன்றாவது மணியில்தான் "நாம இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்" என்று தோன்றும். என் அக்கா மகன் சரியாக அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுவான். உடம்பைப் பற்றிக் கேட்கவே மாட்டான். "மாமா, தெக்கு வயல் மடையை அடைச்சிடவா?" என்பான். நான் சொல்வதைத்தான் செய்வான். ஒருநாள் மடையில் தண்ணீர் பாயும் சத்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். எங்களுக்குக் குடிக்கிற தண்ணீரே அளந்துதான். ஆனாலும் அந்தச் சத்தத்தில் நெஞ்சு குளிர்ந்துபோனது. பக்கத்துக் கட்டில் பாபநாசத்துப் பெரியவர், "இன்னொரு தரம் போடுங்க தம்பி" என்றார். அப்பாவுக்கு ஆறுதல் சொல்லாதே அம்மா, அவரிடம் யோசனை கேள்.

கும்பகோணம் நர்ஸ்:
அண்ணன் சொன்னது நல்ல வழி. ஆனால் அது மட்டும் போதாது, சகோதரி. தூக்கம் கெட்டு, பிடித்ததில் ஆசை விட்டுப்போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆனால் மனச்சோர்வாக இருக்கலாம். ரத்தசோகை இருந்தாலும் ஆள் இப்படித் துவண்டுபோவார், அதனால் டயாலிசிஸ் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவே கூடாது. 14416 என்பது டெலி மானஸ், 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு மனநல உதவி எண். இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். அவருக்காக நீங்களும் பேசலாம். "இருந்து என்ன" என்று ஒரு தடவை சொன்னாலும் தனியாக விடாதீர்கள், அப்போதே கூப்பிடுங்கள்.

மன்னார்குடி மகள்:
இரண்டு பேருக்கும் நன்றி. அம்மாவின் போனில் 14416 பதிந்தாச்சு, வியாழக்கிழமை டாக்டரிடம் பேசுகிறோம். இன்று மூன்றாவது மணிக்குக் கூப்பிட்டு, "அப்பா, சித்தப்பா குறுவைக்கு எந்த ரகம் போடறதுன்னு கேக்கறாங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது. அப்புறம், "ஏடிடி 36 போடச் சொல்லு. நாத்தங்காலை நான் வந்து பாக்கறேன்" என்றார்.