சிங்கப்பூரில் குறைந்த செலவில் ஒரு நாள்: எங்கே, எந்த நேரத்தில்?

பாசிர் ரிஸ்வாசி:
உபின் தீவுக்குப் போய்வர ஆளுக்கு 8 வெள்ளி போதும். சாங்கி பாயிண்ட் படகுத்துறையில் பம்போட் என்னும் சிறு மோட்டார் படகு ஒரு வழிக்கு 4 வெள்ளி. நேர அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும். சனி, ஞாயிறு காலையில் ஆள் சேரச் சில நிமிடம்தான். வார நாள் மதியத்தில் காத்திருக்கணும், இல்லையென்றால் காலி இடங்களுக்கும் சேர்த்து நாமே கட்டணும். சொந்த சைக்கிள் ஏற்றினால் இன்னும் 2 வெள்ளி. ரொக்கமாக, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். தானா மேரா எம்ஆர்டியிலிருந்து 2ஆம் எண் பேருந்து, தெம்பனிஸிலிருந்து 29. இரண்டும் சாங்கி வில்லேஜில் நிற்கும். இறங்கியதும் பக்கத்து உணவங்காடியில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் படகேறுங்கள். தீவில் கடைகள் குறைவு.

தீவிலுள்ள கடலோர ஈரநிலம்தான் செக் ஜாவா. “செக் ஜாவா போனோம், வெறும் தண்ணீர்தான், ஒன்றுமே இல்லை” என்று சொல்கிறவர்கள் அநேகமாகக் கடல் ஏறியிருந்த நேரத்தில் போனவர்கள். நீர்மட்டம் 0.5 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் கடற்புல்லும் சேற்றுத்தரையும் வெளியே தெரியும். அப்போது 1.1 கிலோமீட்டர் மரநடைபாதையில் மெதுவாக நடந்து, ஓரிடத்தில் பேசாமல் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். காலடி அதிர்வில் வளைக்குள் போன நண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவுக்குப் பெரிதாக இருந்தால் அது ஆண். அதைத் தூக்கித் தூக்கி அசைத்துப் பெண் நண்டைக் கூப்பிடும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விலங்கியல் பாடம் கிடையாது.

தெம்பனிஸ்வாசி:
அண்ணன் சொன்னதோடு நாள் பார்க்கும் விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல் நன்றாக வற்றுவது அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில். வீட்டுச் சுவரில் தமிழ் நாள்காட்டி இருந்தால் அதிலேயே குறிக்கலாம். ஆனால் அது மட்டும் போதாது, நேரமும் பொருந்தி வரணும். செக் ஜாவா திறந்திருப்பது காலை 8:30 முதல் மாலை 6 வரை. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பெரிய வற்றல் பெரும்பாலும் விடியலுக்கு முன்னால் வந்துவிடும், ஆண்டுக் கடைசியில் மாலையில் வரும். அதனால் நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து, திறந்திருக்கும் நேரத்துக்குள் 0.5-க்குக் கீழே வரும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். வற்றலுக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே அங்கே இருந்தால் தண்ணீர் விலகுவதையும் பார்க்கலாம்.

வாடகை சைக்கிள் எடுத்தால் பணம் கொடுக்குமுன் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். இரண்டு பிரேக்கையும் தனித்தனியாக அழுத்திப் பார்க்கணும், வழியில் இறக்கங்கள் உண்டு. செக் ஜாவா வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது கூடையில் சாப்பாட்டுப் பை மட்டும் வேண்டவே வேண்டாம். காட்டுப்பன்றி மோப்பம் பிடித்து வந்து சைக்கிளையே சாய்த்துவிடும். அதற்கு ஒரு ரொட்டித்துண்டு போடுவதும் தப்பு. 2020 முதல் காட்டு விலங்குகளுக்கு உணவு கொடுத்தால், முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். உணவு கிடைத்துப் பழகிய விலங்குதான் அடுத்தவர் பையைப் பறிக்கும்.

உட்லண்ட்ஸ்வாசி:
முட்டி வலி உள்ள பெரியவர்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா? வெயில் வேறு.

ஈசூன்வாசி:
அவர்களுக்குச் செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்காதான் சரி, அக்கா. கம்பாஸ் அவென்யூவில் இருக்கிறது, காலை 7 முதல் மாலை 7 வரை, கட்டணம் இல்லை. ஊற்றில் தண்ணீர் சுமார் 70 டிகிரி. படிப்படியாக இறங்கும் தொட்டிகளில் ஆறிக்கொண்டே வரும், கால் நனைப்பதைக் கீழ்த்தொட்டியில் தொடங்குங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் சூடு சட்டென்று தெரியாது. கூட வருகிறவர் முதலில் கையால் சூடு பார்த்துச் சொல்லணும். காலில் புண் இருந்தால் வேண்டாம்.

முட்டை வேகவைக்க மூடியுள்ள வாளி ஒன்று கொண்டுபோங்கள். பலருக்கு வேகாமல் போவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு போடுவது. முட்டையின் குளிர்ச்சியே தண்ணீரை ஆற்றிவிடும், முந்தின இரவே வெளியே எடுத்து வையுங்கள். இரண்டு, ஒரே தண்ணீரில் விட்டுவிடுவது. ஐந்தாறு நிமிடத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதுச் சூடு பிடித்து மூடணும். ஆறு முட்டைக்கு அரைமணி நேரம் கணக்கு வையுங்கள். வெள்ளை கெட்டியாக வராது. கரு 65 டிகிரியை ஒட்டியே இறுகத் தொடங்கும், வெள்ளை நன்றாக இறுக 80 வேண்டும். அதனால் கரு குழைவாக இறுகியிருக்க, வெள்ளை தளதளவென்று நிற்கும். சோயா சாஸும் மிளகுத்தூளும் போட்டுச் சாப்பிட அருமை. கிண்ணமும் கரண்டியும் மறக்காதீர்கள், முட்டை ஓடுகளைத் தொட்டியில் போடாதீர்கள். வார இறுதிக் காலையில் கூட்டம் நெரியும், வார நாள் என்றால் நிம்மதி.

தேக்காவாசி:
மழை நாளுக்குக் கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் இலவசம், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்குக் கட்டணம் உண்டு என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை போகாதீர்கள், மூடியிருக்கும்.

பொங்கோல்வாசி:
மாலை நேரத்துக்கு நான் சொல்வது மெரினா அணைக்கட்டின் புல்கூரை. அங்கே நிழலே இல்லை, அதனால் ஐந்தரைக்குப் பிறகு போங்கள். ஒரு பாய், தண்ணீர், வீட்டுச் சாப்பாடு போதும். பட்டம் விடுகிறவர்கள் பக்கம் உட்கார்ந்தால் நூல் கழுத்தில் படும், ஓரமாக இடம் பிடியுங்கள். பொழுது சாய்ந்ததும் கரையோரப் பூந்தோட்டங்களுக்கு நடந்துபோகலாம். அங்குள்ள செயற்கை ராட்சத மரங்களின் ஒளி, ஒலிக் காட்சி 7:45க்கும் 8:45க்கும், இரண்டும் இலவசம். பாயை அங்கேயும் விரித்து மல்லாந்து படுத்துப் பார்க்கணும், நின்று பார்த்தால் கழுத்து வலிக்கும். பிள்ளைகளோடு போனால் 7:45 காட்சியே நல்லது. முடிந்ததும் கூட்டம் பேஃபிரண்ட் நிலையத்துக்குப் போகும், நீங்கள் பழுப்பு ரயில் கோட்டிலுள்ள கரையோரப் பூந்தோட்டங்கள் நிலையத்துக்கு நடங்கள்.