புதுப்பிப்பு: லண்டனிலிருந்து வெள்ளவத்தை வந்தபின் பொழுது போகிறதா?

பென்சன் எடுத்துக்கொண்டு லண்டனை விட்டு கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன், பகலை எப்படிக் கழிப்பது என்று போன வருடம் கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் தொடங்கினேன். 1942இல் தொடங்கிய சங்கம். காலையில் பேப்பர் பார்க்க நல்ல இடம். யோகா வகுப்பு ஒத்துவரவில்லை, விடுங்கள்.

உண்மையில் கைகொடுத்தது 304 என்ற சீட்டாட்டம்தான். பின்னேரமானால் மேல்மாடி அண்ணை வீட்டில் சீட்டுக்கட்டு வந்துவிடும். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு வெறும் 11. கணக்குப் பார்க்காமல் கேள்வியை (எத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்பதை) கூட்டினால், "என்ன தம்பி, லண்டனிலை இதைத்தானோ படிச்சனீர்?" என்பார். எனக்கு 67 வயது!

சிங்களம் பழகச் சொன்னவருக்கு: மீன் விலை பேசுமளவு வந்துவிட்டது. மீன்காரர்தான் விடாமல் தமிழில் பதில் சொல்கிறார்.