தவணை கட்டலைன்னா போனைப் பூட்டலாமா?

வடகரைச் செல்வன்:
கடனில் போன் வாங்கித் தவணை கட்டாதவரின் போனைத் தொலைவிலிருந்தே பூட்டுவதை நிறுத்தச் சொல்லி 2024-ல் ரிசர்வ் வங்கி நிதி நிறுவனங்களுக்குச் சொல்லியிருந்தது. மறு ஆண்டு செப்டம்பரில், சில நிபந்தனைகளோடு அதை அனுமதிக்க யோசிப்பதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும், போனில் உள்ள சொந்தத் தகவலைத் தொடக் கூடாது என்பவை நிபந்தனைகள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. டெலிவரி போகிறவருக்கும் ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் வேலையே போன் வழியாகத்தான் வருகிறது. அதைப் பூட்டிவிட்டுப் பணம் கட்டு என்றால் எங்கிருந்து கட்டுவார்?

கணக்கர்77:
சம்பளச் சீட்டு இல்லாதவங்களுக்கும் ஈடு எதுவும் கேட்காம போன் கொடுக்கிறாங்க, அதை மறந்துடாதீங்க. வண்டிக் கடன் நின்னா வண்டியைத் தூக்குறாங்க, நகைக் கடன் நின்னா நகை ஏலத்துக்குப் போகுது. போனுக்கு மட்டும் ஏன் விலக்கு? பூட்டு இல்லைன்னா சிபில் ஸ்கோர் இல்லாதவங்களுக்குக் கடனே கிடைக்காது, இல்லைன்னா வட்டி ஏறும். வசூல் ஆள் வாசல்ல நின்னு தெருவே கேட்கக் கத்துறதுக்குப் பூட்டு எவ்வளவோ மேல்.

வடகரைச் செல்வன்:
வண்டியைத் தூக்கினால் விற்றுப் பணமாக்கலாம். பூட்டிய போன் கடன் வாங்கியவர் கையிலேயேதான் கிடக்கிறது, நிறுவனத்துக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது. ஆளை நெருக்குவதற்கு மட்டுமே அது உதவும். கூடவே பேங்க் ஓடிபி, யூபிஐ, பிள்ளையின் பள்ளியிலிருந்து வரும் செய்தி எல்லாம் நின்றுபோகிறது.

செல்போன் கடை மணி:
எல்லாப் பூட்டும் ஒண்ணு இல்லைங்க. ஆண்ட்ராய்டு 5.1-ல, 2015-ல வந்த கூகுள் கணக்குப் பூட்டு திருடனுக்காக. அவன் ரீசெட் அடிச்சாலும் பழைய கணக்கைக் கேட்கும், சாவி சொந்தக்காரர்கிட்ட இருக்கு. போன் தொலைஞ்சா மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல பதிஞ்சு, போனோட அடையாள எண்ணான ஐஎம்இஐ நம்பரையே நாடு முழுக்க முடக்கலாம். அதையும் கேட்கிறது நீங்கதான், திறக்கச் சொல்றதும் நீங்கதான்.

தவணைப் பூட்டு வேற. பெட்டி பிரிச்சு முதல்முறை ஆன் பண்ணும்போதே க்யூஆர் ஸ்கேன் பண்ணி, 'டிவைஸ் ஓனர்'ங்கிற, போன் முழுசையும் கட்டுப்படுத்துற அதிகாரத்தோட ஆப்பை ஏத்திடுவாங்க. செட்டிங்ஸ்ல போய் அழிக்க முடியாது. சாம்சங்ல நாக்ஸ் கார்டுன்னு ஒண்ணு, அது இன்னும் ஆழம். ரீசெட் பண்ணாலும் நெட் கிடைச்சதும் சர்வரைக் கேட்டு மறுபடி பூட்டிக்கும். என் கடைக்கு வர்றதுல முழுசா கட்டி முடிச்சவங்களும் இருக்காங்க. பாக்கி இல்லைன்னு கம்பெனி கொடுத்த என்ஓசி கையில இருக்கு, ஆப் மட்டும் போகலை. கம்பெனி சர்வர்ல ரிலீஸ் கொடுத்தாத்தான் உண்டு. அவங்களைத் திருப்பி அனுப்புறப்போ மனசு கேட்கிறதில்லை.

ஸ்கார்பரோ தேன்மொழி:
இஞ்ச கனடாவில கம்பனிகள் போனைத் தங்கட நெட்வொர்க்குக்கு மட்டும் பூட்டி வித்தவை. மானிய விலையில குடுக்கிறம், பூட்டு இல்லாட்டி நட்டம் எண்டு சொன்னவை. 2016-ல திறக்கிற கட்டணமா மட்டும் 3.77 கோடி டாலர் எடுத்தவை. 2017 டிசம்பர் 1-ல இருந்து புதுப் போன் எல்லாம் பூட்டில்லாமத்தான் விக்க வேணும் எண்டு இஞ்சத்தைய தொலைத்தொடர்பு ஆணையம் சிஆர்டிசி விதி போட்டது. அதுக்குப் பிறகும் ரெண்டு வருச ஒப்பந்தத்தில போன் தந்துகொண்டுதான் இருக்கினம்.

கணக்கர்77:
அது நெட்வொர்க் மாறாம இருக்கப் போட்ட பூட்டு அக்கா, கடன் வசூலுக்கு இல்லை. இங்க இவ்வளவு சின்னக் கடனுக்குக் கோர்ட்டுக்குப் போனா வக்கீல் செலவே அதைத் தாண்டிடும். பூட்டு வேணும்னுதான் இப்பவும் சொல்றேன். ஆனா மணி அண்ணன் சொன்னது அநியாயம். கடைசித் தவணை ஏறின அன்னிக்கே திறக்கணும், தாமதிச்சா நாள் கணக்குல நிறுவனம் அபராதம் கட்டணும்.

வடகரைச் செல்வன்:
அந்த அபராதம் விதியில் எழுதப்படும் வரை நான் எதிர்ப்பேன். கடைக் கவுண்டரில் அவசர அவசரமாக வாங்கும் விரல் ரேகையைச் சம்மதம் என்றும் ஏற்க மாட்டேன். பூட்டிய போனில் அவசர உதவி எண் 112-க்கு மட்டும் பேச விட்டால் போதாது. யூபிஐ நின்றால் தவணையைக்கூடக் கட்ட முடியாதே! மணி அண்ணே, ரிலீஸ் வராதவர்கள் எங்கே புகார் கொடுப்பது?

செல்போன் கடை மணி:
முதல்ல நிறுவனத்தோட குறைதீர் அதிகாரிக்கு எழுத்துல கொடுக்கணும், நகல் வெச்சுக்கணும். 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தியா இல்லைன்னாலோ ரிசர்வ் வங்கியோட சிஎம்எஸ்ங்கிற புகார்த் தளத்துல, குறைகளை விசாரிக்கிற ஆம்புட்ஸ்மேனுக்குப் போடலாம், காசு கிடையாது. என்ஓசியையும் தவணை ரசீதையும் சேர்த்து ஏத்துங்க.